மூன்று வரி ஸ்டாப்வாட்ச்: ஏழு மாதம் 800 மீட்டருக்குப் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன்

போன மார்கழியில் வாங்கியது. ஏழு மாதமாகத் தினமும் காலையில் கையில் இருக்கும் பொருள் என்பதால் இப்போது எழுதினால் சரியாக இருக்கும். காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு சின்ன விளையாட்டுச் சாமான் கடையில் 1,350 ரூபாய்க்கு வாங்கினேன். திரையில் மூன்று வரி, அறுபது லேப் (ரவுண்டு நேரம்) வரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும், கழுத்தில் மாட்ட ஒரு கயிறு, பின்பக்கம் பட்டன் பேட்டரி. யாருக்காக வாங்கினேன் என்பதைச் சொன்னால்தான் இதன் நல்லது கெட்டது புரியும்.

என் அண்ணன் மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. 800 மீட்டர் ஓடுகிறாள், சில போட்டிகளில் 1500ம் உண்டு. பள்ளியில் பி.இ.டி. சார் நல்லவர், ஆனால் சாயங்காலம் நாற்பது பிள்ளைகளை அவர் ஒருத்தரே பார்க்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக நேரம் எடுப்பது நடக்கிற காரியம் இல்லை. அதனால் காலை ஐந்தரை மணிக்கு கோட்டையூர் பக்கம் ஒரு செம்மண் பொட்டலில் நானும் அவளும் மட்டும். 400 மீட்டர் ரவுண்டுக்கு அங்கே இடம் கிடையாது, 200 மீட்டருக்குக் கயிறு பிடித்து அளந்து சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டிருக்கிறோம், மழை பெய்தால் மறுபடியும் முதலிலிருந்து. நானும் பள்ளிக்கூட நாட்களில் 800 ஓடியவள்தான், எனக்கு யாரும் ஒரு தடவைகூட நேரம் எடுத்துச் சொன்னதில்லை.

முதலில் போனில்தான் பார்த்தோம். போனில் பட்டன் கிடையாது என்பதுதான் பிரச்சினை. கண் ஓடுகிற பிள்ளை மேல் இருக்க வேண்டும், விரல் தானாக அழுத்த வேண்டும், போனில் அது நடக்காது, குனிந்து திரையைப் பார்த்து அழுத்துவதற்குள் அவள் கோட்டைத் தாண்டி நாலு எட்டு போயிருப்பாள், விரலில் வியர்வை இருந்தால் அதுவும் கிடையாது. அப்புறம் 200 ரூபாய்க்கு ஒரு வாட்ச் வாங்கினேன். ஒரே வரிதான், லேப் ஞாபகம் வைக்காது, ஒரு தடவை அழுத்தினால் சில நேரம் இரண்டு தடவையாக எடுத்துக்கொள்ளும். அதை நம்பி ஒரு போட்டிக்குப் போனேன், 600 மீட்டரில் அழுத்தினேன், வாட்ச் நின்றுவிட்டது. அந்தப் போட்டியில் அவள் மூன்றாவதாக வந்தாள். தாளில் முதலாவதாக வந்த பிள்ளைக்கு மட்டும்தான் நேரம் எழுதினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "அத்தை, நான் எவ்வளவுல ஓடினேன்?" என்று மூன்று தடவை கேட்டாள். சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மறுநாளே கடைக்குப் போனேன்.

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஸ்டாப்வாட்ச் வேணும்" என்றதும் கடைக்காரர் "எந்த ஈவென்ட்டுக்கும்மா?" என்றுதான் முதலில் கேட்டார். 800 என்றேன். விலை குறைந்ததை ஒதுக்கிவிட்டு இதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்து, "திரையைப் பாக்காம பத்துத் தடவ அழுத்துங்க, பத்தும் பதிஞ்சிருக்கான்னு பாருங்க" என்றார். பத்தும் பதிந்திருந்தது. எந்தக் கடையில் வாங்கினாலும் இந்தப் பத்துத் தடவைச் சோதனையைச் செய்துவிட்டு வாங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

மூன்று வரி எதற்கு என்றால், மேல் வரியில் கடைசி ரவுண்டுக்கு மட்டும் எடுத்த நேரம், நடு வரியில் ஆரம்பத்திலிருந்து அந்த ரவுண்டு முடிந்தது வரைக்குமான நேரம், கீழ் வரியில் ஓடிக்கொண்டே இருக்கும் மொத்த நேரம். லேப் பட்டனை அழுத்தினால் மேலே இரண்டு வரியும் நின்று காட்டும், கீழே கடிகாரம் நிற்காமல் ஓடும். 800 மீட்டருக்கு இது இல்லாமல் முடியாது என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டேன். அவள் அதுவரை 2:26 ஓடுகிற பிள்ளை, சார் சொன்ன ஒரே எண் அதுதான். முதல் நாள் எங்கள் பொட்டலில் நாலு ரவுண்டு ஓட விட்டு எடுத்தேன். 31, 35, 39, 41. கூட்டினால் அதே 2:26. ஆனால் அந்த நாலு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. பிள்ளைக்குத் தெம்பு இல்லை, கடைசியில் விட்டுக்கொடுத்துவிடுகிறாள் என்று நாங்கள் எல்லாரும் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் 200ஐ 31ல் ஓடிவிட்டு மீதி அறுநூறையும் கட்டிப்போன காலோடு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஏன் அப்படி ஓடுகிறாள் என்பதும் பிறகு விளங்கியது. பெரிய போட்டிகளில் 800 மீட்டரில் முதல் வளைவு முடியும் வரை அவரவர் லேனில்தான் ஓட வேண்டும், அதற்குப் பிறகு போட்டிருக்கும் கோட்டைத் தாண்டினால்தான் உள்ளே இறங்கலாம். நம் பக்கத்துச் சின்னப் போட்டிகளில் எல்லாரையும் ஒரே வளைகோட்டில் நிறுத்தி விசில் அடித்துவிடுகிறார்கள். வளைவுக்கு முன்னால் உள்ளே போகாவிட்டால் முழங்கை இடி வாங்க வேண்டும் என்ற பயத்தில் பிள்ளைகள் 100 மீட்டர் ஓடுகிற மாதிரி ஓடுகிறார்கள். அந்தப் பயம் பழக்கமாகிவிட்டது, தனியாக ஓடும்போதும் அதே வேகம்.

இந்த வாட்சை நாங்கள் பொட்டலில் மட்டும் பயன்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் டிவியில் உலக ஜூனியர் தடகளப் போட்டிகளின் பழைய ஓட்டங்களைப் போட்டுப் பார்ப்போம், இப்போது 20 வயதுக்குட்பட்டோர் உலக சாம்பியன்ஷிப் என்று பெயர், 1986ல் ஏதென்ஸில் ஆரம்பித்தது. துப்பாக்கி வெடித்ததும் அவள் ஸ்டார்ட் அழுத்துவாள், முதல் ஆள் முடிவுக்கோட்டைத் தாண்டும்போது லேப். 200 மீட்டர் புள்ளியில் எடுக்கப் பார்த்தோம், கேமரா சாய்ந்த கோணத்தில் ஓடிக்கொண்டே இருப்பதால் கோடு எங்கே இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியவில்லை, அதனால் 800க்கு 400லும் 800லும் மட்டும். திரையிலேயே நேரம் ஓடுகிறதே, எதற்கு வாட்ச் என்று அண்ணன் கேட்டான். நம் கையால் அழுத்தினால்தான் ஒரு ரவுண்டு எவ்வளவு நீளம் என்பது உடம்புக்குத் தெரிகிறது. அவள் இப்போது வாட்ச் பார்க்காமலே "இது அறுபதுக்குள்ள வந்துடும்" என்று சொல்கிறாள், பெரும்பாலும் சரியாக இருக்கிறது.

2022ல் கொலம்பியாவின் காலி நகரத்தில் நடந்த பெண்கள் 800 மீட்டர் இறுதி எங்கள் வீட்டில் எத்தனை தடவை ஓடியிருக்கும் என்று எண்ணவில்லை. அமெரிக்காவின் ரோய்சின் வில்லிஸ் 1:59.13, சுவிட்சர்லாந்தின் ஆட்ரி வெர்ரோ 1:59.53, மூன்றாவதாக அமெரிக்காவின் ஜூலியட் விட்டேக்கர் 2:00.18. மூன்று பேருக்கும் நடுவில் ஒரு விநாடிக்குக் கொஞ்சம்தான் அதிகம். வில்லிஸின் நேரத்தை நாலால் வகுத்துப் பார் என்றேன். 29.78 வந்தது. அவள் பேசாமல் இருந்தாள், அப்புறம் "என்னோட முதல் 200ஏ 31தான அத்தை" என்றாள். அவளைக் கொன்றுபோடுகிற அந்த வேகத்தைவிட வேகமாக அந்தப் பிள்ளை நாலு தடவை தொடர்ந்து ஓடியிருக்கிறாள். இதை நான் நூறு தடவை வாயால் சொல்லியிருந்தாலும் அவள் மண்டையில் ஏறியிருக்காது.

1500க்கு கென்யாவின் ஃபெய்த் கிப்யேகான். 2012ல் பார்சிலோனாவில் 18 வயதில் 4:04.96 ஓடி ஜூனியர் உலகத் தங்கம் வாங்கினார். கணக்குப் போட்டால் ஒவ்வொரு 400க்கும் 65.3 விநாடி. எங்கள் பிள்ளை முதல் இரண்டு ரவுண்டையும் சேர்த்து 66ல் ஓடிவிட்டுத்தான் அன்றைக்குக் கால் கட்டி நின்றாள், அவர் அதைவிடக் கொஞ்சம் வேகமாக மூன்றே முக்கால் தடவை ஓடியிருக்கிறார். அந்தப் போட்டிச் சாதனை பத்து வருடம் நின்றது, காலியில்தான் எத்தியோப்பியாவின் பிர்க்கே ஹைலோம் 4:04.27 ஓடி முறியடித்தார். அதற்கு முந்தின வருடம் நைரோபியில் இதே 1500 மீட்டரில் கென்யாவின் பியூரிட்டி செப்கிருய் தங்கம் வாங்கிய நேரம் 4:16.07. ஒரு வருட இடைவெளியில் கிட்டத்தட்ட பன்னிரண்டு விநாடி வித்தியாசம், இரண்டும் தங்கம்தான். நைரோபி கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மூச்சுக்குக் காற்று மெலிவு, அதுவும் போக இறுதிப் போட்டியில் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே ஓடுவார்கள். நேரம் ஒரு கதை, இடம் ஒரு கதை, இரண்டையும் எழுதி வைக்க வேண்டும் என்று அவள் நோட்டில் அதற்கப்புறம் இரண்டு பத்தி போட்டோம்.

வாட்ச் எவ்வளவு துல்லியம் என்று கேட்பீர்கள். விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும், ஆனால் அழுத்துவது நம் விரல். கையால் எடுத்த நேரத்தைப் பதியும்போது நூறில் வருவதை அடுத்த பத்துக்கு ஏற்றித்தான் எழுத வேண்டும் என்பது விதி, 2:22.31 வந்தால் 2:22.4. இதில் எனக்கு ஒரு பிடித்தமான உதாரணம் உண்டு. 2008ல் போலந்தின் பிட்கோஷ் நகரத்தில் ருமேனியாவின் எலேனா மிரேலா லாவ்ரிக் ஜூனியர் உலக 800 மீட்டரை 2:00.06ல் ஜெயித்தார். இரண்டு நிமிடத்துக்கும் அவருக்கும் நடுவில் நூறில் ஆறு பங்கு. பத்து வருடம் கழித்து ஃபின்லாந்தின் தாம்பரேயில் 16 வயது எத்தியோப்பியப் பிள்ளை திரிபே வெல்தேஜி 1:59.74 ஓடினார். இந்த ஆறு பங்கெல்லாம் மின்னணுக் கேமரா இருந்தால்தான் தெரியும், நம் கை வாட்ச் இதைப் பிரித்துச் சொல்லாது. 29க்கும் 31க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும், நமக்கு அது போதும்.

எங்களுக்கு உதவிய சில விஷயங்கள். சத்தத்தைக் கேட்டு அழுத்தக் கூடாது, துப்பாக்கியின் புகையைப் பார்த்து அழுத்த வேண்டும். 400 மீட்டர் மைதானத்தில் 1500 தொடங்கும் இடம் முடிவுக்கோட்டிலிருந்து நேராகப் பார்த்தாலே எழுபது எண்பது மீட்டர் தள்ளி இருக்கும், சத்தம் வந்து சேர விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடும், அவ்வளவு நேரத்தைப் பிள்ளைக்குச் சும்மா கொடுத்த மாதிரி ஆகும். விசில் அடிக்கிற போட்டியில் வேறு வழியில்லை, விசில் ஊதுகிறவரின் கை இறங்குவதைப் பார்த்து அழுத்துகிறேன். முடிவில் காலையோ தலையையோ பார்க்கக் கூடாது, நெஞ்சு கோட்டுக்கு வரும்போது அழுத்த வேண்டும். அப்புறம் 1500ல் முடிவுக்கோட்டில் நின்றுகொண்டு லேப் எடுத்தால் முதலில் விழுவது 300 மீட்டர் நேரம், பிறகு 700, 1100, 1500. இதை மறந்துவிட்டு முதல் எண்ணை 400 என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதம் அவளை அவசியமில்லாமல் மெதுவாக ஓடச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை இப்போதும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இனி குறைகள். திரைக்கு வெளிச்சம் கிடையாது, மார்கழி தை மாதங்களில் ஐந்தரைக்கு இருட்டு, ஒவ்வொரு ரவுண்டுக்கும் போன் டார்ச் அடித்துத்தான் பார்த்தோம், 1,350 ரூபாய் வாங்குகிற பொருளில் ஒரு சின்ன விளக்கு வைத்திருக்கலாம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் வருகிற பீப் சத்தத்தை நிறுத்த வழி இல்லை. பக்கத்தில் ஓடுகிற பிள்ளைகளுக்கு அது அவசரப்படுத்துகிற மாதிரி இருக்கிறது, அவளே சொன்னாள், சத்தம் கேட்டதும் கால் தானாக வேகம் எடுக்கிறது என்று. கழுத்துக் கயிறு மூன்றாவது மாதம் பிரிந்துவிட்டது, வீட்டில் இருந்த தடிமனான நூல் கயிறு கட்டியிருக்கிறேன். மறுபடி ஸ்டார்ட் அழுத்தினால் பழைய ஓட்டத்தின் எண்கள் எல்லாம் போய்விடும், அதனால் அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் நோட்டில் எழுதியே ஆக வேண்டும். இரண்டு தடவை அப்படிப் போய்விட்டது. குறிப்புத் தாள் எறும்பு எழுத்தில் இருக்கிறது, தமிழில் ஒரு வரி இல்லை, மூன்று வரியில் எது என்ன என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. முக்கியமான குறை இன்னொன்று. ஒரு வாட்சில் ஒரு பிள்ளைக்குத்தான் ரவுண்டு நேரம் எடுக்க முடியும். இப்போது தெருவில் இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். மூன்று பேர் சேர்ந்து ஓடினால் கடைசியில் மூன்று அழுத்தல், மூன்று பேருடைய மொத்த நேரம் கிடைக்கும், நடுவில் யார் எந்த ரவுண்டில் தளர்ந்தார்கள் என்பது கிடைக்காது.

வெயில் பற்றிக் கேட்டால், நன்றாகத் தாங்குகிறது. சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் வெயில் தெரியும், அந்த வெளிச்சத்திலும் எண் தெளிவாகத் தெரிகிறது. செம்மண் தூசி பட்டனுக்குள் போய்விடுமோ என்று பயந்தேன், இதுவரை இல்லை. ஒரு தடவை கல் மேல் விழுந்தது, ஓரத்தில் கீறல் மட்டும்.

நோட்டைப் பற்றிச் சொன்னேன் இல்லையா. அதன் முதல் பக்கத்தில் அவள் தன் நேரத்தை எழுதவில்லை, 2:03.16 என்று எழுதி வைத்திருக்கிறாள். அது பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்திரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடிய நேரம். இரண்டாவதாக வந்தார், வெள்ளி கொடுத்தார்கள், பிறகு பாலினச் சோதனை என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். செங்கல் சூளையில் வேலை செய்த அப்பா அம்மாவின் பிள்ளை, இதே மாதிரி மண்ணில் ஓடிப் பழகியவர், அதற்கப்புறமும் இந்த விளையாட்டை விட்டுப் போகாமல் பயிற்சியாளராகப் பிள்ளைகளை ஓட வைத்தவர். என்னைப் பொறுத்தவரை அந்த ஓட்டம் ஓடியதுதான், அந்த 2:03.16 அவருடையதுதான். அவளுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தானே எங்கேயோ படித்துவிட்டு எழுதியிருக்கிறாள்.

போன வாரம் எடுத்தது: 34, 36, 37, 35. மொத்தம் 2:22. நாலு விநாடி குறைந்ததைவிட அந்தக் கடைசி 35ஐத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன், முதல் நாளில் அதே இடத்தில் 41 இருந்தது. முதல் 200ல் 34 என்பது அவளுக்கு முதலில் அவமானமாக இருந்தது, "எல்லாரும் என்னைத் தாண்டிப் போயிருவாங்க அத்தை" என்று அழுதிருக்கிறாள். இப்போது மூன்றாவது ரவுண்டில் அவர்களைத் தாண்டுகிறாள். அந்த மூன்றாவது ரவுண்டு 37தான் இன்னும் உறுத்துகிறது, 36க்குள் கொண்டுவர வேண்டும்.

யாருக்கு இந்த வாட்ச் பொருந்தும்? ஒன்றோ இரண்டோ பிள்ளையை நடுத்தூர ஓட்டத்துக்குப் பழக்குகிற பெற்றோர், அண்ணன் அக்கா, பி.இ.டி. ஆசிரியர் எல்லாருக்கும் தாராளமாகச் சொல்வேன். 100, 200 மட்டும் ஓடுகிற பிள்ளைக்கு மூன்று வரி தேவையில்லை, விலை குறைந்த ஒரு வரி வாட்ச் போதும், பட்டன் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நாலைந்து பேரைச் சேர்த்து ஓட வைக்கிறவர்கள் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள், ஒன்றை ஓடாத பிள்ளையின் கையில் கொடுங்கள். நான் இரண்டாவதற்குச் சொல்லி வைத்திருக்கிறேன், கடைக்காரர் ஐம்பது ரூபாய் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

பேட்டரி போன வாரத்திலிருந்து மங்கிக்கொண்டு வருகிறது. பின்மூடியில் சின்னச் சின்னத் திருகாணிகள், வீட்டில் உள்ள திருப்புளி சேராது, வாட்ச் ரிப்பேர் கடையில்தான் கொடுக்க வேண்டும். 2026 ஆகஸ்ட் ஜூனியர் உலகப் போட்டிக்கு அமெரிக்காவின் யூஜீன் நகரத்து ஹேவர்ட் ஃபீல்டு மைதானத்தை அறிவித்திருக்கிறார்கள், கிப்யேகான் 2025 ஜூலையில் 1500 மீட்டரை 3:48.68ல் ஓடி உலக சாதனை வைத்த அதே மைதானம். வயதுக் கணக்கில் 2007 முதல் 2010 வரை பிறந்தவர்கள் ஓடலாம், எங்கள் பிள்ளை 2010. அங்கே சாயங்காலம் ஏழு மணி என்றால் நமக்கு மறுநாள் காலை ஏழரை, பொட்டலிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் சரியாக இருக்கும். அதற்குள் புது பேட்டரி போட்டுவிட வேண்டும்.